சோக் கேபிளும் மஞ்சள் விளக்கும்

சோக் குமிழின் கழுத்தில் இருக்கும் உலோக வளையத்தைத் தொட்டதும் விரல் சுட்டது. அது இளஞ்சூடு அன்று. காய்ந்த தோசைக்கல்லின் விளிம்பில் கை பட்டது போன்ற சூடு.

பங்குனி மாதத்துக் காலை நேரம். மூன்று வாரமாகக் கொட்டகைக்குள் நின்ற எங்கள் பழைய பத்மினி காரைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் அன்று இழுவையாக முனகியது. நான்காவது முயற்சியில்தான் என்ஜின் பிடித்துக்கொண்டது. சோக்கை உள்ளே தள்ளப் போனபோதுதான் கை சுட்டது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டேஷ்போர்டின் அடியில் சோக் கேபிளின் மேலுறை விரற்கடை நீளத்துக்கு உருகிப் பளபளத்தது. கருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது.

குளிர்ந்த என்ஜின் எளிதில் கிளம்புவதற்காக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் ஒரு சிறிய நெம்புகோலை இழுக்க வைத்த கம்பி அது. அதில் மின்சாரம் ஓட வேண்டிய அவசியமே இல்லை. பிறகு ஏன் சுட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் ஒரு பழைய கார் சரியானது. அதைவிட, இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த புதிய காரின் நோய்க்கும் அதிலிருந்தே வழி பிறந்தது. அந்த இரண்டு வேலைகளையும் செய்தபடியே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், வெள்ளிக் கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. மாலையில் கடற்காற்று திரும்பினால் ஜன்னல் கம்பியில் உப்புப் பிசுக்கு ஒட்டும். வாசல் கேட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் பெயின்ட் அடிக்கிறோம், ஒவ்வோர் ஆண்டும் கொப்புளம் வருகிறது. இந்தக் காற்றில்தான் பத்மினி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருக்கிறது. 1984 மாடல், அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. தானே புயல் கரையைக் கடந்த 2011 டிசம்பர் 30 அன்று தென்னை சாய்ந்து கொட்டகை சரிந்தபோது கூரையின் ஓரம் நசுங்கியது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. நிமிர்த்த மனம் வரவில்லை.

பத்மினியைப் பற்றித் தெரியாத இளைஞர்களுக்காக இரண்டு வரி. 1964-இல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் செய்யத் தொடங்கிய கார் இது. 1974 முதல் பிரீமியர் பத்மினி ஆனது. 1089 சிசி என்ஜின், நான்கு சிலிண்டர், சோலெக்ஸ் கார்புரேட்டர், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பு, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக இவை ஓடியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது.

சோக் கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் பாய்க்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் காரைத் தெரிந்தவர். வண்டியைப் பார்க்காமலேயே, "தம்பி, என்ஜின் எர்த் போயிருக்கிறது. செல்ஃப் மோட்டார் உறிஞ்சுகிற மின்சாரம் முழுவதும் சோக் கேபிள் வழியாகத் திரும்பிப் போகிறது. இனிமேல் சாவியைத் திருப்பாதே, தீப்பிடிக்கும்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் எளிய விஷயம். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் செல்ஃப் மோட்டாருக்குள் போகிறது. அங்கிருந்து என்ஜின் இரும்புக்கு வந்து, காரின் உடல் வழியாக மைனஸ் முனைக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் பாதைதான் எர்த். ஆனால் என்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் கட்டைகளின்மேல். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கியர்பாக்ஸுக்கும் உடலுக்கும் இடையே செம்பு இழைகளைப் பின்னிய ஒரு பட்டை போட்டிருப்பார்கள். அந்தப் பட்டை அறுந்தால் மின்சாரம் வேறு உலோகத் தொடர்பைத் தேடும். என்ஜினையும் உடலையும் இணைக்கும் மெல்லிய கம்பிகள் சோக் கேபிளும் ஸ்பீடோமீட்டர் கேபிளும்தான். நூறு ஆம்பியருக்கும் மேல் ஓட வேண்டிய ஆறு, வாய்க்காலில் திருப்பிவிடப்பட்ட கதை.

பாய் சொன்னார் என்பதற்காக உடனே பட்டையை மாற்றிவிடவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு உண்டு. முதலில் தவறான முறையில்தான் அளந்தேன். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை என்ஜினிலும் மற்றொன்றைப் பேட்டரி மைனஸிலும் வைத்தேன். 0.2 ஓம் காட்டியது. இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2 ஓம் வந்தது. அது மீட்டர் ஒயரின் தடை மட்டுமே. அதாவது எர்த் நன்றாக இருக்கிறது என்று மீட்டர் சாட்சி சொன்னது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எர்த் பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டு போனால் மோட்டார் முனகத்தான் செய்யும். தொலைந்த மின்சாரம் சும்மா போவதும் இல்லை. 2 வோல்ட்டை 100 ஆம்பியரால் பெருக்கினால் 200 வாட், இரண்டு பெரிய குண்டு பல்புகளின் சூடு. ஆனால் 0.02 ஓம் என்பதைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கவே முடியாது. அறுந்த பட்டையில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நன்றாக இருக்கிறது என்றே காட்டும். சுமை ஏற்றி, மின்சாரம் ஓடும்போது எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதுதான் சரியான முறை.

பிளக்குகளுக்கான பொறி மின்சாரத்தைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுபோகும் தடித்த ஒயரைக் கழற்றி எர்த் செய்தேன். என்ஜின் கிளம்பாது, செல்ஃப் மட்டும் சுற்றும். தீ பயத்துக்காக சோக் கேபிளையும் கார்புரேட்டர் பக்கத்தில் கழற்றினேன். மீட்டரை வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்தின்மேல் அழுத்தினேன். கிளாம்பின்மேல் வைத்தால் கிளாம்புக்கும் கம்பத்துக்கும் இடையிலான கோளாறு தெரியாது. சிவப்பு முனையை என்ஜினில் சுரண்டி வைத்த வெற்று இரும்பின்மேல் வைத்தேன். என் மகள் உள்ளே உட்கார்ந்து மூன்று விநாடி சாவியைத் திருப்பினாள்.

4.3 வோல்ட். இது 0.2-க்குள் இருக்க வேண்டும்.

அடுத்துச் சிவப்பு முனையை உடலில் வைத்தபோது 0.15 வந்தது. அப்படியானால் பேட்டரிக்கும் உடலுக்கும் இடையே குறை இல்லை, உடலுக்கும் என்ஜினுக்கும் இடையில்தான் பாதை போயிருக்கிறது. இரண்டு அளவில் இடம் பிடிபட்டுவிட்டது.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் படுத்தேன். பட்டை இருந்தது. பார்வைக்கு முழுசாகவே இருந்தது. செம்பு நிறம் துளியும் இல்லை, முழுக்கப் பச்சைக் களிம்பு. இரண்டு விரலால் மடக்கினேன். காய்ந்த வாழைநார்போல முறுமுறுவென்று உடைந்து முகத்தில் கொட்டியது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பித்தது. உடல் பக்கத்துப் போல்ட்டைச் சுற்றி இரும்பு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அந்த இடமே ஒரு சிறிய பேட்டரியாக மாறும். அதில் அரிக்கப்படுவது இரும்பு. கடலோரத்தில் இது ஓயாமல் நடக்கிறது.

அன்று இரவு அப்பாவின் நோட்டை எடுத்துப் புரட்டினேன். பிளக், பாயிண்ட், ஆயில் என்று காருக்குச் செய்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதியிருப்பார். 1998 சித்திரையில் ஒரு வரி: "செல்ஃப் இழுக்கவில்லை. எர்த் பட்டை மாற்றம்." அதே இடம், அதே நோய். அவர் போட்ட பட்டை கடற்காற்றில் இருபத்தேழு ஆண்டு தாங்கியிருக்கிறது. முந்தைய நாளே நோட்டைப் பார்த்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

மறுநாள் லாரன்ஸ் சாலைக்குப் போனேன். வெல்டிங் கேபிள், 25 சதுர மில்லிமீட்டர், அரை மீட்டர் வாங்கினேன். ஆயத்தப் பட்டையே கிடைக்கும். ஆனால் பின்னல் திறந்திருப்பதால் உப்பு உள்ளே போகும். வெல்டிங் கேபிளுக்கு ரப்பர் உறை இருக்கிறது, நன்றாக வளையவும் செய்யும். என்ஜின் குலுங்குவதால் வளைவு முக்கியம். போல்ட்டில் மாட்டுவதற்கான, வெள்ளீயம் பூசிய செம்பு வளையங்களை (லக்) இரு முனையிலும் வைத்து, பாய் கடையில் ஹைட்ராலிக் அமுக்கியில் அழுத்திக்கொண்டேன். சுத்தியலால் தட்டி நசுக்கும் வேலை மட்டும் வேண்டாம். உள்ளே காற்று இடைவெளி நிற்கும், ஒரே மழைக்காலத்தில் களிம்பு ஏறிவிடும். லக்கின் வாயை உள்ளே பசை தடவிய சுருங்கும் குழாய் போட்டு மூடினேன்.

உடல் பக்கத்தில் உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தேன். பழைய போல்ட் தேறாது. புதிய போல்ட், லக், அதற்கும் உடலுக்கும் நடுவில் ஸ்டார் வாஷர், மறுபக்கம் நட்டு என்று பூட்டி இறுக்கினேன். வாசலினை முன்பே தடவாமல் இறுக்கிய பிறகுதான் மேலே தாராளமாகப் பூசினேன். உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில் எண்ணெய்க்கு வேலை இல்லை. காற்றை வெளியே நிறுத்துவதுதான் அதன் வேலை.

மீண்டும் மூன்று விநாடி செல்ஃப். 0.2. அதில் 0.15 பேட்டரிக்கும் உடலுக்கும் இடையில் ஏற்கெனவே இருந்தது. புதிய கேபிளில் தொலைவது 0.05 மட்டுமே. சோக் கேபிளை மாற்றிப் போட்டுவிட்டு, காயில் ஒயரைச் செருகிச் சாவியைத் திருப்பினேன். இரண்டே சுற்றில் என்ஜின் பிடித்தது. இந்தக் காரில் இவ்வளவு வேகமான செல்ஃப் சத்தத்தை நான் கல்லூரியில் படித்த காலத்துக்குப் பிறகு கேட்டதில்லை.

கை நனைந்தாகிவிட்டது, முன்விளக்கையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பத்மினியின் விளக்கு எப்போதும் மஞ்சளாக, களைத்ததுபோலத்தான் எரியும். பழைய காரென்றால் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டிருந்தோம். என்ஜின் ஓடும்போது பல்பின் பின்புறத்தில் அளந்தேன். பேட்டரியில் 13.5 வோல்ட், பல்பில் 10.3. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியில் மறைந்துவிட்டது. ஹை பீமில் இரண்டு பல்பும் சேர்ந்து 120 வாட், அதாவது ஏறக்குறைய 10 ஆம்பியர். அந்த 10 ஆம்பியரும் டேஷ்போர்டுவரை வந்து, நாற்பது வயதான சுவிட்சின் தேய்ந்த நாக்கைத் தாண்டி, ஃபியூஸ் கிளிப்பைத் தாண்டி, மறுபடியும் மூக்குவரை போகிறது. ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுங்கம் கட்டுகிறது.

முதலில் விளக்கின் எர்த் திருகைக் கழற்றித் தேய்த்ததில் ஒரு வோல்ட்டுக்கு மேல் திரும்பி வந்தது. பிறகு இரண்டு ரிலே போட்டேன். சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது; அதன் முனைகளுக்கு எண் போட்டிருக்கும். பழைய சுவிட்ச் ஒயரை 86-இல் கொடுத்து, 85-ஐ எர்த் செய்து, பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 30-க்குக் கொண்டுவந்து, 87-இலிருந்து பல்புக்கு அனுப்பினேன். இப்போது சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டி எழுப்புகிறது. பல்பில் 12.9 வோல்ட். கம்பி பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். அந்தக் கணக்கில் பார்த்தால் வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கொட்டகைச் சுவரில் ஒளி வெள்ளையாக விழுந்ததைப் பார்த்து என் மனைவி, "இத்தனை வருஷமும் இருட்டிலா ஓட்டினோம்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி புதிய கார். 2019-இல் வாங்கிய சிறிய ஹேட்ச்பேக், 1200 சிசி. மகள் புதுச்சேரியில் வேலைக்குப் போய்வரும் வண்டி. தை மாதம் முதல் அதில் ஒரு தொல்லை இருந்தது. மாலையில் விளக்கும் ஏசியும் போட்டுக்கொண்டு, நெருக்கடியான இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் திடீரென்று கல்லாகக் கனக்கும். மீட்டர் பலகையில் ஸ்டியரிங் படமும் ஆச்சரியக்குறியும் கொண்ட மஞ்சள் விளக்கு எரியும். சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஒரு முறை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கும் சேர்ந்து எரிந்தது.

ஒரு சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தோம். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, மின்சார ஸ்டியரிங் தொகுதியையே மாற்ற வேண்டும், 43,000 ரூபாய் என்றார்கள். எந்த அளவை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கோளாறைக் குறிக்கும் கோடு (code) வருகிறது என்பதுதான் பதில். யோசித்துச் சொல்கிறோம் என்று காரை எடுத்து வந்துவிட்டோம். இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பத்மினி வேலை முடிந்த அன்று மகள்தான் கேட்டாள். "அப்பா, என் காரிலும் எர்த்தை இப்படி அளந்து பார்க்கலாமா?" அவள் கேட்காமல் இருந்திருந்தால் எனக்குத் தோன்றியிருக்காது என்பதையும் எழுதிவிட வேண்டும். புதிய கார் என்றால் கோளாறும் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன்.

ஸ்டியரிங்கின் கீழே பதினாறு துளைகள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் சிறிய புளூடூத் கருவியைச் செருகினால் கைப்பேசியிலேயே கோடு படிக்கலாம். இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று U0131, ஸ்டியரிங் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு தொடர்பு அறுந்தது என்று பொருள். மற்றது P0562, காரின் மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். சர்வீஸ் நிலையத்தின் தாளில் முதல் கோடு மட்டுமே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறு கதை தெரிகிறது. மின்சாரம் போதாமல் ஒரு பெட்டி மயங்கி விழுகிறது, மற்ற பெட்டிகள் அதைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதில் இல்லை என்று எழுதி வைக்கின்றன. விழுந்தவர்மேல் பழி, பசியைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதே மீட்டர், அதே முறை. கறுப்பு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில், சிவப்பு முனை உடலில். என்ஜின் ஓடுகிறது, எல்லாம் அணைந்திருக்கிறது: 0.3 வோல்ட். விளக்கும் ஏசியும் போட்டால் 1.1. மகளை ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகக் கடைசிவரை திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். எண் 2.8 வரை ஏறி நடுங்கியது. என் மீட்டர் மெதுவானது. அந்த நடுக்கத்தின் இடையே வோல்ட் எவ்வளவு கீழே போனது என்று அதற்குத் தெரியாது. மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அந்த விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மின்சார ஸ்டியரிங் நேராக ஓடும்போது அதிகம் கேட்காது. நின்ற இடத்தில் திருப்பும்போது சில விநாடிகளுக்குப் பல பத்து ஆம்பியர் இழுக்கும். பத்மினியின் செல்ஃப் மோட்டாரும் இந்த ஸ்டியரிங் மோட்டாரும் ஒரே ரகத்துப் பசிக்காரர்கள். அதனால்தான் எர்த் கெட்டதும் இரண்டும் முதலில் கத்தின.

இங்கிருந்துதான் இரண்டு கார்களும் வேறுபடத் தொடங்கின. பத்மினியின் பானெட்டைத் தூக்கினால் என்ஜினைச் சுற்றித் தரை தெரியும். கை தோள்வரை உள்ளே போகும். புதிய காரில் எர்த் ஒயர் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்கே ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி, பேட்டரித் தட்டு மூன்றையும் கழற்ற வேண்டியிருந்தது. ஐந்து பிளாஸ்டிக் கிளிப்புகளில் இரண்டு கையோடு வந்தன. அதற்கு முன் சாவியை அணைத்து, மைனஸை முதலில் கழற்றி, ஐந்து நிமிடம் காத்திருந்தேன். ஏர்பேக் பெட்டிக்குள் சேமித்து வைத்த மின்சாரம் வடிய வேண்டும். மைனஸை முதலில் கழற்றும் வழக்கம் எல்லாக் கார்களுக்கும் பொருந்தும். பிளஸைத் திருகும்போது ஸ்பேனர் உடலைத் தொட்டால் பொறி பறக்கும். மைனஸ் முன்பே வந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

தட்டுக்கு அடியில் இருந்தது அந்தப் போல்ட். பத்து மில்லிமீட்டர் தலை. லக்கைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது, சுண்ணாம்பில் கருவேப்பிலையை நசுக்கியதுபோல. ஸ்பேனர் வைத்ததும் கால் சுற்று தானாகச் சுழன்றது, இறுக்கமே இல்லை. லக்கின் அடியில் இரும்பு கறுத்திருந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கி, கார் இரண்டு நாள் அதில் நின்றது. இருக்கைவரை ஏறவில்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைத்திருந்தோம். பேட்டரித் தட்டின் அடியில் ஈரம் எத்தனை நாள் நின்றதோ.

உப்புத்தாள், கம்பி பிரஷ், புதிய போல்ட், ஸ்டார் வாஷர், இறுக்கம், வாசலின். பத்மினிக்குச் செய்த அதே வேலை. கூடுதலாக, என்ஜின் எர்த்தையும் இரண்டு விளக்குகளுக்கும் அருகிலுள்ள எர்த் இடங்களையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் மட்டும் லேசான களிம்பு. பேட்டரியை மாட்டியதும் கடிகாரம் பன்னிரண்டில் நின்றது. ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் தானாக ஏற மறுத்தது. பட்டனைப் பிடித்தபடி முழுவதும் ஏற்றி இரண்டு விநாடி வைத்திருந்த பிறகு கற்றுக்கொண்டது. பத்மினிக்கு இப்படி எதையும் மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கோடுகளை அழித்துவிட்டு மறுபடி அளந்தோம். விளக்கு, ஏசி, ஸ்டியரிங் கடைசிவரை: 0.06 வோல்ட். செலவு, போல்ட் வாஷர் கிளிப் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள்.

ஒரே நோய் இரண்டு கார்களில் வந்ததால் அவற்றை ஒப்பிட எனக்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. பழைய கார் தன் வலியை உடலில் காட்டியது. சூடு, வாடை, உருகிய உறை எல்லாம் நோய் இருந்த பாதையின் மேலேயே இருந்தன. புதிய கார் வலியை மொழிபெயர்த்துச் சொன்னது. அந்த மொழிபெயர்ப்பில் நோய் இருந்த இடம் மறைந்து, நோயால் விழுந்த பெட்டியின் பெயர் மட்டும் மிஞ்சியது. ஆனால் புதிய காரிடம் ஒரு பெரிய நற்குணம் உண்டு. P0562 எப்போது வந்தது, அப்போது என்ஜின் வேகம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று பதிவு செய்து வைத்திருந்தது. பத்மினியில் மாலையில் வந்து காலையில் மறையும் கோளாறு என்றால் மாலைவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. படிக்கத் தெரிந்தவர் கையில் அந்தப் பதிவு தங்கம். கோளாறு அதைப் பாதியில் படித்துவிட்டு விலைப்பட்டியலை எடுப்பதில் இருக்கிறது.

நிறுத்தி வைப்பதிலும் வேறுபாடு உண்டு. பத்மினியை அணைத்தால் அணைந்ததுதான். புதிய காரின் பெட்டிகள் தூங்கும்போதும் கொஞ்சம் குடிக்கின்றன. நான் அளந்தபோது 0.03 ஆம்பியர். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியை மூன்று வாரம் தொடாமல் விட்டால் பாதிக்கு மேல் காணாமல் போகாது என்றாலும், ஏற்கெனவே வயதான பேட்டரி என்றால் காலையில் வண்டி கிளம்பாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார்களையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம். நான் பத்மினியில், மகள் பின்னால் புதிய காரில். ஆல்பேட்டை தாண்டி, தென்பெண்ணைப் பாலம், கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம். பாலத்தின்மேல் ஜன்னலை இறக்கிவிட்டு, ஸ்டியரிங் தண்டிலுள்ள கியரை மூன்றிலிருந்து நான்குக்குக் கீழே இழுத்தபோது அப்பாவின் கை அசைவு அப்படியே என் கையில் வந்தது. சாலையின் ஒவ்வொரு கீறலும் ஸ்டியரிங் வழியாகத் தெரிகிறது. அரியாங்குப்பத்தில் ஒரு மினி லாரி திடீரென்று நின்றது. நான் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். கார் இடப்பக்கமாகச் சற்று இழுத்துக்கொண்டு, லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். மகளின் கார் எனக்குப் பின்னால் இரண்டு கார் நீளம் இடைவெளி விட்டு, நேராக, அமைதியாக நின்றிருந்தது.

திரும்பும்போது மாற்றிக்கொண்டோம். அவள் பத்மினியை ஓட்ட ஆசைப்பட்டாள், பகல் வெளிச்சம் இருந்ததால் கொடுத்தேன். இரவில் கொடுக்க மாட்டேன். முன்னால் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், ஏர்பேக், மோதினால் தான் நசுங்கி உள்ளே இருப்பவரைக் காக்கும் முன்பகுதி, இவை எதுவும் பத்மினியில் இல்லை. பழைய இரும்பு கெட்டி, அதனால் பாதுகாப்பு என்று சொல்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். கெட்டியான இரும்பு மோதலின் வேகத்தைத் தான் விழுங்காமல் நம்மிடம் அனுப்பிவிடும். பத்மினியை நான் உயிராக நேசிக்கிறேன். ஆனாலும் என் மகள் இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் வரும்போது அவளைச் சுற்றிப் புதிய கார்தான் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரண்டு பானெட்டையும் திறந்து எர்த் இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் குளிர்ச்சியாக இருந்தன. பத்மினியின் இடப்பக்க முன் பிரேக் இழுப்பதை அடுத்த வாரம் பார்க்க வேண்டும்; சக்கர சிலிண்டரில் கசிவு இருக்கும் என்று சந்தேகம்.

மகள் அப்பாவின் நோட்டைக் கேட்டு வாங்கினாள். கடைசி எழுத்துக்குக் கீழே தேதி போட்டு, "எர்த் கேபிள் மாற்றம், 4.3 இருந்தது, இப்போது 0.2" என்று எழுதினாள். பக்கத்தைத் திருப்பி, புதிய தாளின் தலைப்பில் தன் காரின் எண்ணை எழுதி, அதன் கீழே 2.8, 0.06 என்ற இரண்டு எண்களையும் போட்டாள். அதற்கடுத்த வரியில் ஐப்பசி என்று மட்டும் எழுதி, பக்கத்தில் அளவுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.